டுவேன் வேலைக்குப் போன வாரம்

ஏழையாக இருப்பது வேறு, ஏழை என்று அரசாங்கத்திடம் நிரூபிப்பது வேறு. முதலாவதை நானும் என் வீட்டுக்காரர் டெல்பர்ட்டும் முப்பது வருடமாக யார் உதவியும் இல்லாமல் நன்றாகவே செய்து வந்திருக்கிறோம். இரண்டாவதற்கு வக்கீல் வேண்டும்.

எங்கள் வக்கீலின் பெயர் ப்ரெண்ட் ஹாலிஸ்டர். இண்டியானாபொலிஸ் போகிற நெடுஞ்சாலையில், சோளக்காட்டுக்கு மேலே, முப்பதடி விளம்பரப் பலகையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பார். கடன் கழுத்தை நெரிக்கிறதா, ப்ரெண்டைக் கூப்பிடுங்கள் என்று கீழே எழுதியிருக்கும். பலகையில் இருக்கிற முடி நேரில் இல்லை. அலுவலகம் ஒரு பீட்ஸா கடைக்கும் நகத்துக்குச் சாயம் பூசுகிற கடைக்கும் நடுவில். முதல் பதினைந்து நிமிடம் இலவசம். பதினாறாவது நிமிடம் வந்துவிடப் போகிறதே என்று நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடன் வந்த கதை சின்னது. டெல்பர்ட் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறார். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் வேலை முடிந்து வெளியே வந்தவர், எங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவார்கள், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பார்கள், அதோடு சரி. ஹெலிகாப்டரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தெட்டு மைல். கிடங்கு கைமாறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புது முதலாளியின் காப்பீடு தொண்ணூறு நாள் கழித்துத்தான் தொடங்குமாம். நெஞ்சுவலிக்கு அது தெரியவில்லை. ஹெலிகாப்டருக்கு மட்டும் நாற்பத்தொன்பதாயிரம் டாலர். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.

"ஜன்னல் பக்கமாவது உக்காந்தியாய்யா?" என்று கேட்டேன்.

"மயக்கத்துல இருந்தேன் வெர்னா."

"அவ்ளோ காசு குடுத்து தூங்கிட்டே போயிருக்க."

ஆஸ்பத்திரிக்காரர்கள் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி, போன வருஷம் ஜனவரியிலிருந்து டெல்பர்ட்டின் சம்பளத்தில் கால் பங்கைக் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். அந்தச் சம்பளம் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்கவே சரி. வீட்டுக் கடன் தவணை தவற ஆரம்பித்தது. அப்போதுதான் பலகையில் சிரிக்கிறவரிடம் போனோம்.

அவர் விளக்கினார். திவாலில் இரண்டு வகை. ஒன்றில், நாலு மாதத்தில் எல்லாம் துடைத்துவிடுவார்கள். இன்னொன்றில், ஐந்து வருடம், தின்றது போக மிச்சம் இருக்கிற ஒவ்வொரு டாலரையும் கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வகை வேண்டுமென்றால் வீட்டு வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். கடைசி ஆறு மாத வருமானத்தை எடுப்பார்கள், இரண்டால் பெருக்குவார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். இரண்டு பேருக்கு ஒரு கோடு, மூன்று பேருக்கு அதைவிட உயரமாக ஒரு கோடு.

"நீங்க ரெண்டு பேரும் கோட்டுக்குக் கீழதான் மேடம். சுத்தமான கேஸ்," என்றார்.

"அப்ப இன்னிக்கே போட்டுருங்க சார்."

"ஃபீஸ் ஆயிரத்தி எண்ணூறு. கோர்ட்டுக்குத் தனியா. முன்னாடியே கட்டிடணும்."

"திவாலாகப் போறவங்ககிட்ட முன்பணம் கேக்கறீங்களே. மாசாமாசம் தரோம்."

"கடனுக்கு வேலை செஞ்சா, கேஸ் முடியும்போது என் ஃபீஸும் மத்த கடனோட சேந்து அழிஞ்சிடும் மேடம். எனக்கும் புள்ளகுட்டி இருக்கில்ல."

ஓட்டாண்டி என்று சொல்லிக்கொள்ளவும் கையில் ரொக்கம் வேண்டும். சரி என்று வந்தோம். அடைப்புக்காக இதயத்துக்குள் ஸ்டென்ட் என்கிற கம்பிச்சுருள் வைத்த மனிதர் சனிக்கிழமைகளில் இரட்டை ஷிப்ட் பார்த்தார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் கல்யாண மண்டபத்தில் தட்டுக் கழுவினேன். இடையில், சட்டப்படி கட்டாயம் என்று கம்ப்யூட்டரில் ஒரு வகுப்பு வேறு. பணத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று ஒரு சின்னப்பெண் சொல்லிக்கொடுத்தாள். கடையில் காபி வாங்காதீர்கள், வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். நாங்கள் போட்டதையே மறுநாளும் சுடவைத்துக் குடிக்கிறவர்கள். அந்த ஞானத்துக்குக் கட்டணம் இருபத்தைந்து டாலர்.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மே மாதம் முழுப் பணத்தையும் உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹாலிஸ்டர் உறையை மேசை இழுப்பறையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் சம்பளச் சீட்டுகளை எடுத்து மறுபடி கூட்டினார். முகம் சுருங்கியது.

"கடைசி மூணு மாசம் என்ன பண்ணீங்க?"

"உங்க ஃபீஸுக்கு உழைச்சோம்."

"அங்கதான் சிக்கல். வருஷத்துக்குத் தொள்ளாயிரத்து நாப்பது டாலர் கோட்டுக்கு மேல போயிட்டீங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டெல்பர்ட்டுக்கு வரவில்லை.

"அவங்க பிடிச்சுக்கிற கால் பங்கு? அதைக் கழிங்க," என்றேன்.

"பிடிச்சாலும் அது உங்க சம்பளம்தான் மேடம்."

"கண்ணால பாக்காத காசு சார்."

"சட்டம் பாத்துருச்சு." பிறகு கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டார். "கார் லோன் இருக்கா? படகு லோன்? அது எதாவது இருந்தா பெரிய ஃபாரம் போட்டுக் கழிச்சுப் பாக்கலாம்."

"எங்க வண்டி பதினாலு வருஷப் பழசு. கடன் எப்பவோ முடிஞ்சுது."

பாவம், கடனை ஒழுங்காகக் கட்டி முடித்திருக்கிறீர்களே என்பதுபோல எங்களைப் பார்த்தார். ஏரியில் படகு விடுகிறவனுக்கு இரங்குகிற சட்டம், ஓட்டை வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கிறவனுக்கு இரங்காது. அந்த மூன்று மாதமும் கணக்கிலிருந்து நழுவ வேண்டுமென்றால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டும் என்றார். இந்த மாதக் கடைசிக்குள் இரண்டு தவணையாவது வரவில்லையென்றால் வீட்டை எடுத்துக்கொள்வோம் என்று வங்கியின் கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது. நவம்பரில் எங்களுக்கு வீடு இருக்காது. ஐந்து வருடக் கதை என்றால், டெல்பர்ட்டின் இதயம் அதற்குத் தாங்குமா என்று அந்த ஃபாரத்தில் ஒரு கட்டமும் இல்லை.

"வீட்டுல வேற யாரும் இல்லையா?" என்று ஹாலிஸ்டர் கேட்டார்.

"இல்ல," என்றேன்.

டெல்பர்ட் இருமினார். "டுவேன்."

"அவன்லாம் ஒரு ஆளாய்யா?"

டுவேன் டெல்பர்ட்டின் தம்பி. நாற்பத்தாறு வயது. பெண்டாட்டி துரத்தியதும் ஒரு மீன் தொட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் அண்ணி என்றான். ஒன்பது வருடம் ஆகிறது. மீன்கள் செத்துவிட்டன, அவன் இருக்கிறான். நிலவறையில் ஒரு சோபா, ஒரு டிவி. முதுகுவலியாம், வேலைக்குப் போக முடியாதாம். தூண்டிலோடு ஆற்றங்கரையில் ஏழு மணிநேரம் உட்கார்ந்தால் மட்டும் அந்த முதுகு வலிக்காது. தண்டச்சோறு என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். காது அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஹாலிஸ்டர் முகத்தில் பலகைச் சிரிப்பு மெல்ல வந்தது.

"அவருக்கு வருமானம்?"

"நயா பைசா கிடையாது."

"வாடகை தராரா?"

"கேட்டுக் கேட்டு என் வாய்தான் தேஞ்சுது."

"சாப்பாடு?"

"மூணு வேளை. ஞாயித்துக்கெழமைன்னா நாலு."

"ஒரே மேசையிலயா?"

"ஒரே மேசைதான். பெரிய துண்டு அவனுக்கு."

"அப்ப உங்க வீட்டுல மூணு பேர் மேடம். மூணு பேர் கோட்டுக்கு நீங்க ரொம்பக் கீழ இருக்கீங்க." ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார். எனக்கு வருமானம் இல்லை, வீட்டுச் செலவுக்கு நான் எதுவும் தருவதில்லை, உணவுக்கும் இருப்பிடத்துக்கும் அண்ணனையும் அண்ணியையும் சார்ந்தே வாழ்கிறேன். கீழே டுவேன் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த செவ்வாய் விட்டு அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தாக்கல் செய்துவிடலாம் என்றார். ஒன்பது வருடம் ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லாமல் இருந்தவனுடைய விலை அன்றைக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் டாலர்.

அது வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் கொத்திய மாட்டுக்கறியை ரொட்டி அச்சில் அடைத்துச் சுட்டு, உருளைக்கிழங்கு மசித்து வைத்தேன். அவனுக்குப் பிடித்தது. தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்தேன். உதடு அசைய வாசித்தான்.

"அண்ணி, இதுல நான் உங்கள நம்பித்தான் வாழறேன்னு போட்டிருக்கு."

"வேற யாரை நம்பிடா வாழற? அமெரிக்க ராணுவத்தையா?"

"நான் தற்காலிகமா தங்கியிருக்கேன்."

"ஒம்போது வருஷமா?"

"கோர்ட்டுல இத நாலு பேர் படிப்பாங்கல்ல. அதுக்குச் சொல்றேன். நானும் ஒரு ஆம்பள."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. டெல்பர்ட், "கையெழுத்துதானடா தம்பி, போட்டுடு," என்று கெஞ்சினார். அந்தக் கெஞ்சலைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. மூன்று மாதம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத் தட்டுகளைக் கழுவிய கை என்னுடையது.

"ஆம்பளையாம். உங்கண்ணன் நெஞ்சுக்குள்ள கம்பிய வச்சுக்கிட்டு சனிக்கெழமையும் போறாரு. நீ கீழ படுத்துக்கிட்டு சமையல் போட்டிய டிவியில பாக்கற. இந்த ஒம்போது வருஷத்துல, நீ சம்பாதிச்ச காசுல ஒரே ஒரு ரொட்டி வாங்கிட்டு வந்து இந்த மேசை மேல வச்சிருக்கியா? ஒண்ணு. சொல்லு."

டுவேன் துண்டு பாதி தட்டில் இருக்க எழுந்து, தாளை மடித்து எடுத்துக்கொண்டு கீழே போனான். அவன் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றுதான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தை நானே தின்றேன்.

அடுத்த நாளிலிருந்து நிலவறையில் டிவி சத்தம் இல்லை. நான் ஐந்தரைக்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவேன், பகலில் அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறான் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு வருவான், கையைக் கழுவுவான், கொஞ்சமாகச் சாப்பிடுவான், போய்விடுவான். கையெழுத்து என்னாயிற்று என்று டெல்பர்ட்டை விட்டுக் கேட்கச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தருகிறேன் என்றானாம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் பக்கம் பிஸ்கட் என்று சொல்கிற சின்ன பன்னும் பன்றிக்கறி கிரேவியும் செய்துகொண்டிருந்தேன். டுவேன் மேலே வந்தான். முகம் மழித்திருந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய இரும்புச் சாமான் கடையின் ஆரஞ்சு மேலங்கி, அதே நிறத்தில் தொப்பி, நெஞ்சில் டுவேன் என்று ஒரு அட்டை. மேசை மேல் ஒரு ரொட்டியை வைத்தான். வெட்டிப் பாக்கெட்டில் போட்ட சாதாரண வெள்ளை ரொட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு உறை.

"வாடகை அண்ணி. மொத வார சம்பளம் நானூத்திப் பத்து. முன்னூறு உங்களுக்கு. இனிமே வாராவாரம்."

டெல்பர்ட் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை.

"தோட்டப் பிரிவுல போட்டிருக்காங்க," என்று அவனே தொடர்ந்தான். "முப்பது நாள் கழிச்சு நிரந்தரமாக்கிடுவாங்களாம்." மடித்த தாளை எடுத்து உறை மேல் வைத்தான். கையெழுத்து இல்லை. "இத இப்பப் போட்டா பொய்யாயிடும்ல." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒன்பது வருடம் வேலைக்குப் போகாதவன், போகவே கூடாத ஒரே வாரத்தைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறான். அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். ஊதிவிட்டது நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்பக்க வராந்தாவுக்குப் போய் ஹாலிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"வேலையா? இப்பவா?" என்றார். "சம்பாதிக்கிறார்னா அவர் உங்கள சார்ந்தவர் இல்ல. மறுபடி ரெண்டு பேர்தான். அவர் குடுக்கற வாடகையும் உங்க வருமானத்துல சேரும். அஞ்சு வருஷத் திட்டம்தான் மேடம்."

"செவ்வாய்க்கெழமைக்குள்ள அவனுக்கு வேலை இல்லைன்னா?"

ஹாலிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "வேலை இல்ல, வாடகையும் நீங்க வாங்கல, முன்ன மாதிரியே உங்க மேசையில சாப்பிடறார்னா அவர் மூணாவது ஆள். நான் உங்கள எதுவும் செய்யச் சொல்லல. சட்டம் என்னன்னு மட்டும் சொல்றேன்."

நல்ல மனிதர். கை நனையாமல் மீன் பிடிக்கத் தெரிந்தவர்.

உள்ளே வந்தேன். டுவேன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் உறையை எடுப்பதற்காகக் காத்திருந்தான். டெல்பர்ட் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லிடு வெர்னா. எப்பவும் நீதான சொல்லுவ."

ஒன்பது வருடம் கேட்ட பணம். உறையை ஒரே விரலால் அவன் பக்கமாகத் தள்ளினேன்.

"கம்மியா இருக்கா அண்ணி?"

"இல்லடா." வக்கீல் சொன்னதை எல்லாம் சொன்னேன். கோடு, மூன்று பேர், செவ்வாய்க்கிழமை. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ நாளைக்கு?"

"கேஸ் முடியற வரைக்கும். நாலு மாசம்."

"அதுவரைக்கும் அந்த வேலைய வச்சிருக்க மாட்டாங்கல்ல."

"வேற கெடைக்கும்டா." அதை நானும் நம்பவில்லை, அவனும் நம்பவில்லை.

"நான் அங்க நல்லாத்தான் பண்றேன் அண்ணி," என்றான். "ஒரு அம்மா வந்து, எந்தத் தக்காளி நாத்து வைக்கலாம்னு கேட்டாங்க. சொன்னேன். அவங்க போயி மேனேஜர்கிட்ட என்னப் பத்தி நல்லபடியா சொல்லியிருக்காங்க."

நான் பேனாவை எடுத்து நீட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. ஆனால் நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "போயி வேலைய விட்டுட்டு வந்து போடறேன். இல்லன்னா பொய்யாயிடும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனான். முக்கால் மணிநேரத்தில் திரும்பி வந்தான், மேலங்கி இல்லை, தொப்பி இல்லை. மேசையில் உட்கார்ந்து முழுப்பெயரையும் நிறுத்தி நிறுத்தி எழுதினான். பணத்தைச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு ரொட்டியைக் காட்டி, "இத வச்சுக்கலாமா, இதுவும் வருமானமா?" என்று கேட்டான். கிண்டலாக இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

"வச்சுக்கலாம்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை தாக்கல் ஆனது, கேஸ் நடக்கிறவரை வீட்டைத் தொடக்கூடாது என்று வங்கியும் கையைக் கட்டிக்கொண்டது. ஜூலையில் விசாரணை நாலு நிமிடம் நடந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று அதிகாரி தலையைத் தூக்காமல் கேட்டார். மூன்று பேர் என்றேன். கால் பங்கு பிடிப்பது நின்றுவிட்டது, அந்தக் காசில் பாக்கித் தவணைகளைக் கட்டிவிட்டோம். செப்டம்பர் கடைசியில் ஒரு கடிதம், எல்லாம் துடைத்தாயிற்று என்று. அதைப் படித்துவிட்டுச் சாமான் அறைக்குள் நின்று வாய்விட்டு அழுதேன். டெல்பர்ட் இப்போது சனிக்கிழமை தூங்குகிறார். ஹாலிஸ்டர் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார், அதிலும் அவருடைய பல்தான்.

டுவேன் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தான் என்று டெல்பர்ட் சொன்னார். நாற்று விற்கிற காலம் முடிந்துவிட்டது, வசந்தத்தில் வா என்றார்களாம். வசந்தம் வந்தது. அவன் போகவில்லை. முதுகுவலி திரும்பி வந்துவிட்டது. நிலவறையில் டிவி ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மேசையில் பெரிய துண்டை அவன் எடுத்தான். தண்டச்சோறு என்கிற பழைய வார்த்தை பழக்கத்தில் என் நாக்கு வரை வந்துவிட்டது. அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். சொல்லுங்கள் அண்ணி என்பதுபோலக் காத்திருந்தான்.

"கிரேவி ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சமா," என்றான். ஊற்றினேன்.